மூக்கைப் பிடித்து ஊற்றிய ஒரு வாய்

அக்கா,

முந்தாநாள் உங்கள் மகள் பார்வதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் நீங்கள் இருந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான். அவளுடைய மாமியார் அடுப்பில் சாராயத்தைச் சுடவைத்து, மிளகும் கராம்பும் தட்டிப் போட்டார். அந்த வாசனை வாசலுக்கு வந்ததும் உள்ளே போனேன்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் அதே அடுப்பில் அதைக் காய்ச்சியவள் நான். பார்வதியைப் பெற்றுவிட்டுக் குளிரில் நடுங்கிக் கிடந்தீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒரு வாய் கொடுக்காவிட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் வேண்டாமென்று முகத்தைத் திருப்பினீர்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

தீட்டுக் கழிந்தும் அந்த ஒரு வாய் நிற்கவில்லை. மழையில் கொழுந்து பறிக்கும்போது குளிருக்கு என்றீர்கள். பிறகு வெயிலிலும் வேண்டியிருந்தது. பக்கத்து நிரையில் நின்ற எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆண்கள் குடித்துவிட்டுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் பேர் கெட்டால் மீளாது என்று பயந்தேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கிட்டே வரும்போதெல்லாம் செடிக்கு மேலே கை நீட்டி இரண்டு கராம்பு கொடுப்பேன், வாடை தெரியாமல் மென்றுகொள்ள. அதை நட்பு என்று நினைத்தேன்.

கண் மஞ்சளாகி வயிறு வீங்கிய பிறகுதான் தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் போனோம். குடிப்பதுண்டா என்று அவர் நேராகவே உங்களைக் கேட்டார். நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அவுங்க அதையெல்லாம் கையாலயும் தொட மாட்டாங்கய்யா.”

காமாலை என்று மருந்து கொடுத்து அனுப்பினார். திரும்பும் வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“ஏன் தங்கச்சி பொய் சொன்ன? இன்னைக்குச் சொல்லிடலாம்னுதான் வந்தேன்.”

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் இரத்தமாக வாந்தி எடுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பார்வதிக்கு அப்போது ஆறு வயது. அம்மா காமாலையில் போய்விட்டாள் என்று அவளுக்கும் சொல்லிவைத்தேன்.

முந்தாநாள் அந்த டம்ளரை மாமியார் கையிலிருந்து வாங்கி வைத்தேன். ஐந்து பிள்ளைக்கும் தான் குடித்ததாகவும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அந்த அம்மா சத்தம் போட்டார். பார்வதியும் ஒரு வாய்தானே சித்தி என்றாள். சொல்லிவிட்டேன், அக்கா. மூக்கைப் பிடித்ததையும் சொன்னேன், கராம்பையும் சொன்னேன், மருந்துக்கார ஐயாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

“காமாலைன்னுதானே இத்தன வருசமும் சொன்னீங்க?” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று காலை கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோனேன். சாராயம் மூலையில் அப்படியே இருந்தது. தண்ணீரைக் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

நாளைக்கும் கொண்டுபோவேன், அக்கா.