வாசலில் சொல்ல வேண்டியது

லுக்குட்,
மலேசியா,
14 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

பஞ்சாலை எழுதுவது. நானும் துளசியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்டால் ஜெர்மனியின் தட்பவெப்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். மூனிக்கில் மழையா வெயிலா என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, அதை எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய பொட்டலம் வந்தது. உங்கள் பழைய துண்டைச் சுற்றி அனுப்பியிருந்ததால் தடிமனாக இருந்தது, சாக்லேட் என்று நினைத்துத் துளசி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிரித்தால் ஒரே ஒரு சிடி. அதன்மேல் கோழி கிண்டியது போன்ற உங்கள் கையெழுத்தில் 'பஞ்சாலைக்கு'. பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். நானும் கொஞ்சம் பிதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில்தான் கம்ப்யூட்டர் கிடையாதே, அதனால் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கேட்டுப் பார்த்தேன். நான் டைப் அடிக்கிற அதே கம்ப்யூட்டர்தான். அதில் வெளிப்பொருள் எதையும் ஏற்றக்கூடாது என்று மானேஜர் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார். ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி மகாலிங்கம் ஐயாவிடம் நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே படித்துக் காட்டினேன். லினக்ஸ் முழுவதும் இந்தச் சிடியிலேயே இருக்கிறது, இதைப் போட்டுத் திறந்தால் சிடியிலிருந்தே ஓடும், உள்ளே இருக்கிற ஆபீஸ் கணக்கைத் தொடாது, எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இதாலை மெஷினுக்கு ஒண்டும் வராதெல்லோ, பிள்ளை?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டுக்கொள் என்றார். முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

நீங்கள் விட்டுப்போன ஸ்பீக்கரை மாட்டினேன். திரை கறுத்தது, எழுத்தெல்லாம் ஓடியது. பிறகு உங்கள் குரல் வந்தது. "துளசி, அப்பா வந்துட்டேன்!"

நீங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கூப்பிடுவீர்களே, அதே குரல். பிள்ளை எழுந்து ஆபீஸ் வாசலுக்கு ஓடினாள். நிறுவைக் கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கித் திரும்பி வந்தாள். மறுநாள் போட்டபோதும் ஓடினாள். அதற்கு அடுத்த நாளும். அப்பாவின் குரலை மட்டும் அப்பா அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். குரல் வந்தால் ஆளும் வரவேண்டுமல்லவா, அவளுக்கு அதுதான் கணக்கு.

இனி என் குறைகளைக் கேளுங்கள். எழுத்து எறும்பு அளவு இருக்கிறது, என் கண்ணாடிக்கு ஆகவில்லை. திறந்ததும் கண்ணைப் பறிக்கிற நீலம். ஏகப்பட்ட படங்கள் வரிசையாக நிற்கின்றன, எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அதில் பத்து விளையாட்டு. யார் விளையாட? மகாலிங்கம் ஐயாவா? எனக்கு வேண்டியது தமிழில் டைப் அடிக்க ஒன்று, துளசி படம் வரைய ஒன்று, உங்கள் போட்டோக்களைப் பார்க்க ஒன்று. மற்றதை எடுத்துவிடுங்கள். பிறகு முக்கியமானது: துளசி அரை மணி நேரம் குந்தி வரைந்த யானை, கம்ப்யூட்டரை நிறுத்தியதும் போய்விட்டது. சிடியில் எதுவும் பதியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பா யானையைத் தின்றுவிட்டார் என்று அவள் லயத்து வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கம்பெனியில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்புமாமே, அந்த இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறைச் சரி செய்கிற வேலை, புதுவருடம் பிறந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினீர்கள். என் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறீர்கள். வருடக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றால் எனக்கும் யோசிக்கக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

பன்றிப் பண்ணைக் காய்ச்சலுக்குப் பயந்து பக்கத்துப் புக்கிட் பெலண்டோக் கிராமத்தைக் காலி செய்து போனவர்களில் நிறையப் பேர் திரும்பிவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பூட்டிக் கிடந்த வீடுகளில் துணி காய்கிறது. பார்க்க நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பஞ்சாலை


லுக்குட்,
19 அக்டோபர் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டாவது சிடி வந்து, அதனால் ஒரு கலவரமும் நடந்து முடிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாராட்டு. எழுத்து பெரிதாக, கறுப்பாக, கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பின்னால் செம்பனை ஓலைப் பச்சை. நான் கேட்டபடி மூன்றே படங்கள். திறந்ததும் 'பஞ்சாலை அம்மையார் காரியாலயம்' என்று வருகிறதே, அந்தக் குறும்புக்கு நேரில் கிள்ளுவேன். துளசி வரைவது இப்போது பிளாப்பியில் பதிகிறது. யானை பிழைத்தது. நீங்கள் அங்கே உட்கார்ந்து எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றியிருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கேட்டதில்லை. பிரிவு உங்களுக்குப் புத்தி கொடுத்திருக்கிறது.

ஆனால் அத்தான், கடிகாரம்! இந்தச் சிடியில் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் வைத்தீர்களே, அதில் உங்கள் ஊர் நேரம் ஓடியது. நாங்கள் சோறு பிசையும்போது அங்கே காலை ஏழு மணி. நீங்கள் பல் தேய்க்கிற நேரம். எனக்கு அது பிடித்துப்போனது. தப்பாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிடியை எடுத்தால் கம்ப்யூட்டர் பழையபடி ஆகிவிடும் என்றீர்களே, கடிகாரம் மட்டும் ஆகவில்லை. நிறுத்தும்போது உங்கள் சிடி தன் நேரத்தை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. மறுநாள் விடிவதற்கு முன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிட, மகாலிங்கம் ஐயா வழக்கம்போல் கம்ப்யூட்டரில் இருக்கிற செக்ரோல் வருகைக் கணக்கில் ஏற்றினார். கம்ப்யூட்டருக்கு அது முந்தின நாள் ராத்திரி. இந்த ஆட்களுக்கெல்லாம் இந்தத் தேதிக்கு ஏற்கெனவே வருகை போட்டாயிற்று என்று ஒருவர் பெயரையும் வாங்கவில்லை. வெளியே பால் வெட்டும் கத்தியும் வாளியுமாக நின்றவர்களுக்கு விஷயம் எட்டியதும் தாயம்மா அக்கா சத்தம் போட்டாள். "அப்ப இன்னிக்கு நாங்க வேலைக்கே வரலையாலா? இங்க நிக்கிறது என்னா பேயா?"

மானேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறு முன்கூட்டியே வந்துவிட்டது என்று தலைமை ஆபீசுக்கு டெலிபோன் போட்டுவிட்டார். அந்தக் கோளாறைச் சரி செய்யப் போனவரின் பெண்டாட்டி அங்கே ஒரு மூலையில் நிற்கிறேன். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், உதறல் ஒரு பக்கம். மகாலிங்கம் ஐயா கம்ப்யூட்டரில் நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது. நானே வாய் திறந்து, என் வீட்டுக்காரர் அனுப்பிய சிடியால்தான் என்று சொன்னேன். அவர் கடிகாரத்தைத் திருத்திவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு என்னிடம், "உன்ரை மனுசன் வீரமுத்து எங்கடை கணக்கிலை ஒண்டும் எடுக்கேல்லை. நேரத்தை மட்டும் மாத்திப்போட்டான்" என்றார். அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். நம் வீட்டிலும் நீங்கள் எதையும் எடுத்துப் போகவில்லை. சட்டையெல்லாம் அங்கேயேதான் தொங்குகிறது.

கடிகாரத்தைச் சரி செய்து வேறு சிடி வரும்வரை இது வேண்டாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். சீக்கிரம் அனுப்புங்கள்.

துளசி இப்போது ஓடுவதில்லை. குரல் வந்ததும் தலையைத் திருப்பி வாசலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பிறகு வரைய உட்கார்ந்துவிடுவாள். வளர்ந்துவிட்டாள், புத்தி வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்ட அபிப்பிராயம். தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள், இந்தக் குவாட்டர்ஸ் எத்தனை நாள் நமக்கு என்று தெரியாது. சிரம்பான் பக்கம் ரஹாங்கில் ஒரு வீடு வாங்க வேண்டுமானால் நீங்கள் அங்கே இருந்தால்தான் ஆகும் என்று அண்ணன் சொல்கிறார், தாயம்மா அக்கா சொல்கிறாள், எல்லாரும் சொல்கிறார்கள். ஆகவே நானும் சொல்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்பலாமா, நொறுங்கிவிடுமா?

அன்புடன்,
பஞ்சாலை


லுக்குட்,
14 டிசம்பர் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். அதற்காகத்தான் தபாலாபீசில் நின்று அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

கடிகாரம் திருத்திய சிடி தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. மானேஜர் அனுமதித்துவிட்டார், ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது அதில் எங்கள் நேரம் சரியாக ஓடுகிறது. நீங்கள் விழித்திருக்கிறீர்களா என்பதை நான் விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு உங்களுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் சேலை எடுத்தேன். கட்டிக்கொண்டு யாரிடம் காட்ட? கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு அதிரசம் சுடப் போனேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் சிடியைப் போட்டேன். "துளசி, அப்பா வந்துட்டேன்!" என்றது உங்கள் குரல். பிள்ளை தாளில் பென்சிலால் கோழி வரைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. மகாலிங்கம் ஐயா பிள்ளையோடு பேச்சுக் கொடுக்க, "அப்பா எப்ப வருவாராம்?" என்று கேட்டார். அவள் கோழிக்குக் கால் போட்டுக்கொண்டே, "அப்பா தினமும் வர்றாருலா" என்றாள். ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தான், நீங்கள் அன்பாகத்தான் அந்த வார்த்தையை வைத்தீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் தினமும் வந்துட்டேன், வந்துட்டேன் என்று கேட்டுக் கேட்டு, அது வெறும் சத்தமாகிவிட்டது அவளுக்கு. நிறுவைக் கொட்டகையில் மணி அடிப்பது போல. நாளைக்கு நீங்கள் நிஜமாகவே வாசலில் நின்று கூப்பிட்டால் இந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் கோழி வரைந்துகொண்டிருக்குமே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

உங்களுக்கு எழுதி, நீங்கள் மாற்றி, அது வந்து சேரும்வரை பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை துளசியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுச் சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். காய்கறிப் பாசார் பக்கத்தில் விசுவநாதன் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், சிடி எழுதுகிற மெஷின் அவரிடம் இருக்கிறது. படமோ குரலோ மாற்றவேண்டுமானால் எந்த இடத்தில் எதை மாற்றவேண்டும் என்று கடைசிப் பொட்டலத்தோடு ஒரு குறிப்பு வைத்திருந்தீர்களே, அதைக் கொடுத்தேன். அவர் சிடியில் இருந்ததையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் இறக்கி, புகழ்ந்து தள்ளினார். உங்களைத்தான். எல்லாம் திருத்தமாக இருக்கிறது, இதில் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். திறக்கும்போது வருகிற குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "ஏன்மா, வேற எதை வேணும்னாலும் மாத்தலாம். வீட்டுக்காரர் குரலையா எடுக்கச் சொல்றீங்க?" என்றார். அதைத்தான் என்றேன். அந்த இடத்தில் பாட்டு வைக்கவா, மணிச்சத்தம் வைக்கவா என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

முதலில் எழுதிய சிடி பாழாகிவிட்டது. அடுத்தது சரியாக வந்தது. மூன்று படங்கள், பெரிய எழுத்து, பச்சை, எல்லாம் நீங்கள் வைத்தபடியே. குரல் மட்டும் இல்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இந்த வருடத்தில் உங்கள் குரலாக என் கையில் இருந்தது அது ஒன்றுதான். பழைய சிடியை உடைக்கவில்லை. உங்கள் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. எனக்கு மட்டும்.

நேற்று மத்தியானம் புதுச் சிடியைப் போட்டேன். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, பச்சை வந்து, காரியாலயம் திறந்தது. சத்தம் இல்லை. துளசியின் பென்சில் நின்றது. திரையைப் பார்த்தாள். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, "அம்மா, அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்டாள்.

பிள்ளை இப்படிக் கேட்டால் தாய்க்கு மனம் உடையவேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் வரவில்லை கண்ணு என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டேன்.

போன கடிதத்தில் எழுதியது என் அபிப்பிராயம் இல்லை, அது ஊர் அபிப்பிராயம். என்னுடையது இது: கையெழுத்துப் போடாதீர்கள். ரஹாங் வீடு பிறகு பார்க்கலாம். குவாட்டர்ஸை விட்டுப் போகச் சொன்னால் உங்களோடு வாடகை வீட்டுக்குப் போகிறேன். எனக்கு உங்களைப் பார்க்கவேண்டும், அத்தான். பக்கத்தில் உட்காரவேண்டும். என் கண்ணுக்கு எந்த எழுத்து போதும், என்ன நிறம் ஆகும் என்றெல்லாம் கடல் தாண்டி யோசித்தது போதும்.

இனிமேல் சிடி அனுப்பவேண்டாம். இருப்பது நன்றாகவே ஓடுகிறது. அதில் இல்லாத அந்த ஒரு வார்த்தையைப் பத்திரமாக வைத்திருந்து நீங்களே கொண்டுவாருங்கள்.

மாரியம்மன் உங்களைக் கூடவே இருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும். பகலில் வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், நேரே ஆபீசுக்கு வாருங்கள். மழையில் ஊறி ஆபீஸ் கதவு இறுகிக் கிடக்கிறது, தோளால் இடித்துத் திறக்கவேண்டும். திறந்ததும் சத்தமாகச் சொல்லுங்கள். துளசி வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

உங்கள்,
பஞ்சாலை