சிவப்புக் கதவுக்கு முன்னால்

கண்ணு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். குழாய்க்காரர் வந்தால் சமையலறைக் குழாயை மட்டும் காட்டு. வெளியே போனால் சாவியைச் செருப்பு அலமாரி மேல் வை.

நேற்று துணி தேய்ப்பதற்காக நான் பிளக்கைப் பிடுங்கியதில் நீ சேவ் செய்வதற்குள் உன் வீடியோ விளையாட்டு அணைந்துபோனது. "ஒரு பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமாடி?" என்று கேட்டது நான்தான். நீ போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் விண்வெளிக்காரியை நீ விட்ட அதே பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று காலையில் நானே உட்கார்ந்தேன். நெருப்புக் குழம்பில் எத்தனை முறை விழுந்தாள் என்று கேட்காதே. குதித்துக்கொண்டே சுட வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்!

ஒருவழியாகப் பாலத்துக்கு வந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், கை சும்மா இருக்கவில்லை. அவள் தாண்டியதும் பாலம் இடிந்து விழுந்துவிட்டது. இனித் திரும்ப வழியில்லை. ஒரு சிவப்புக் கதவுக்கு முன்னால் சேவ் செய்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா

பி.கு.: குளியலறை விளக்கை அணை.

இன்னொன்று: அந்தக் கதவுக்குப் பின்னால் ஏதோ பெரிதாக மூச்சு விடுகிறது. டூட்டி முடிந்து நேரே வந்துவிடுவேன். அதற்குள் நீ திறந்தாயோ, எனக்கும் உனக்கும் பேச்சே கிடையாது.