கல்லின் வயசும் மகளின் வயசும்

எலப்புள்ளி
12-8-1974

அன்பு மகள் சாந்தாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, கன்று ஈன்று பத்து நாளான செவலைப் பசு எல்லோரும் சௌக்கியம், ஐதராபாத்தில் நீயும் உன் ஆய்வுக்கூடத்துக் கற்களும் அப்படியே இருக்கக் குலதெய்வத்தை வேண்டுகிறேன். உன் கடிதத்தால் போன வாரம் எனக்கு நேர்ந்த கதியைக் கேள். தரகர் குப்பண்ணன், மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரில் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் சென்னியப்பன் என்கிற பையனையும் அவன் தாயார் முத்தாத்தாளையும் நம் வீடு வாசல் பார்க்க அழைத்து வந்தார். அந்த அம்மாள் காபியைக் குடித்து முடிக்குமுன்பே, "ஏனுங்க, புள்ள கல்லு ஒடைக்கிற வேலைக்கா போகுது?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பொறுக்குமா? உன் கடிதத்தை எடுத்துவந்து சத்தமாய்ப் படித்தேன். நம் கிணற்று மேட்டில் நீ உடைத்துப்போன கல்லுக்கு வயது ஐம்பது கோடி வருஷம், முன்னே பின்னே ஒரு கோடி இருக்கலாம், கல்லிலிருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு மெல்ல மெல்ல ஆர்கான் என்கிற வாயுவாக மாறி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், மாறியது எவ்வளவு, மாறாதது எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். வாத்தியார் மாதிரி படித்துக்கொண்டே போனவன் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். "இருபத்தேழு முடிந்தும் எனக்கு ஒழுங்காய்த் தலை பின்னத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்." குப்பண்ணன் அவர்களிடம் சொல்லியிருந்தது இருபத்து நாலு. அப்படிச் சொல்லச் சொன்னது நான்.

முத்தாத்தாள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "கல்லுக்கு ஒரு கோடி வருசம் முன்னப்பின்ன போலாமுங்க, எம்புள்ளைக்கு மூணு வருசம் போகக்கூடாதுங்களா?" என்று உளறினேன். பையன் வாய்விட்டுச் சிரித்து, "எனக்கும் முப்பதில்லீங்க, முப்பத்திமூணு" என்றான். இப்போது அவன் தாயாருக்கு வேர்த்தது. கிளம்பும்போது அந்த அம்மாள், "கண்ணாலத்துக்கப்புறம் வேலைய உட்டுருமுங்கள்ல?" என்றார். நான் தலையாட்டத்தான் போனேன், மன்னித்துக்கொள். அதற்குள் உன் அம்மா முன்னால் வந்து நின்று, "உட மாட்டாளுங்க. அதுக்குச் சம்மதமுன்னா மறுக்கா வாங்க" என்றாள். நீ ரயிலேறின அன்று முதல் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த அதே மருதாத்தாள்தான்.

முந்தாநாள் பள்ளிவாசலிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுக்குச் சம்மதம், ஆனால் உன்னைக் கேட்காமல் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டாம் என்று பையனே எழுதியிருக்கிறான். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறான். அங்கே சாம்பல் நிறப் பாறையை ஊடறுத்துக்கொண்டு இளஞ்சிவப்புப் பாறை ஓடுகிறதாம், அறுபட்டது மூத்தது, அறுத்து நுழைந்தது இளையது, சரிதானா என்கிறான். அவன் விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் பாறைக்கு மட்டும் பதில் எழுதி முடித்துக்கொள், அவன் புரிந்துகொள்வான். பிடித்திருந்தால் மனம்போல எழுது. எதுவானாலும் இந்த முறை நான் குறுக்கே வாய் திறக்க மாட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் அமிலத்தின் பக்கம் பார்த்து நட, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தீர்க்காயுசாய் இரு அம்மிணி.

உன் அப்பா,
ஆறுமுகசாமி