மூன்றாவது பெஞ்சும் முப்பது டிகிரியும்

14-7-2002, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். கொடியில் போட்ட வெள்ளைப் புடவையெல்லாம் கரிப்பொடி. ஆர்பரில் கப்பலிலிருந்து இறக்குகிற நிலக்கரி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் இதே கதை. மறுபடி அலசியதில் இரண்டு குடம் தண்ணீர் போச்சு.

முதல் பூசை. அவர் வழக்கம்போல அரை மணி முன்னாலேயே ஓட்டம், ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க. மேலே ஃபேன் இருக்கிறதே. கல்யாணமான புதிதில் இவர் கோயிலுக்குள்ளேயே வரமாட்டார். வெளியே வேப்பமரத்தடி, கிரேன் ஓட்டுகிற தோஸ்துகள், வெற்றுப் பேச்சு. இந்தப் பெஞ்சுப் பித்து அப்புறம் வந்தது. போன மாதம் தெரியாமல் உட்கார்ந்த யாரோ ஒருவரை எழுப்பி ரகளை. ஆண்டவர் சந்நிதியில் காற்றுக்குச் சண்டை. எனக்குத்தான் வெட்கம்.

நான் பெண்கள் பக்கம், தூண் ஓரம். முக்காடு மூக்கு வரை. இன்றைக்கும் சாமியார் அப்பம் உயர்த்துகிற எழுந்தேற்றம் பார்க்கவில்லை, மணிச்சத்தம்தான்.

இதை ஒருதரம் எழுதி வைக்கிறேன். எனக்கு மூஞ்சியை வலது பக்கம் திருப்பினால்தான் எதுவும் தெரியும். திருப்பிப் பீடத்தைப் பார்த்தால், முகம் ஆண்கள் பக்கம் இருக்கும், கண் பீடத்தில் இருக்கும். கண் எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? ஷீலா என் மடியில் கைக்குழந்தையாக இருக்கும்போது, பின்னாலிருந்து எதிர்வீட்டு ரெஜினாக்கா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "நம்ம ஜெயா பூச முச்சூடும் ஆம்பளைங்க பக்கமே பாத்துகினு கீது. சாமி அங்கயா கீறாரு?" நாலைந்து பேர் சிரிப்பு. அன்றிலிருந்து முக்காடு. முக்காட்டு ஓரம் இடது கண்ணை மறைத்துவிடும், பீடம் போய்விடும். பதினோரு வருஷம்.

அவருக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. கோபக்காரர்.

ஆபரேஷன் 24ஆம் தேதி. கழுத்து வலிக்கு என்று கோயிலில் நடந்த மருத்துவ முகாமுக்குப் போய், கண்ணில் வந்து நின்றது.

17-7, புதன்

கண் ஆஸ்பத்திரி. அவருக்குப் பகல் ஷிப்ட். ஷீலா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமை. தாளில் கண் படம் போட்டுச் சொன்னார். எனக்குக் கருவிழி பிறந்ததிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆடும், இடது ஓரத்தில் மட்டும் அடங்கும். அந்த ஓரத்தில் வைத்துப் பார்க்கத்தான் மூஞ்சி தானாக வலது பக்கம் போகிறது. "கழுத்துல ஒரு கோளாறும் இல்லம்மா. பாவம், அது கண்ணுக்காக ஒழைச்சிருக்கு." இரண்டு கண்ணிலும் பக்கவாட்டுச் சதைகளைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, அந்த அடங்குகிற இடத்தை நடுவுக்குக் கொண்டுவருவார்களாம்.

ஆட்டம் நிற்குமா என்றேன். "நிக்காது. நேரா பாக்கும்போது கொறையும். பார்வை ரொம்ப ஏறும்னு நெனச்சுக்காதீங்க. தலை நேராகும், அதுதான் நான் சொல்ல முடியும்." பொய் சொல்லாதது பிடித்திருந்தது.

பிறகு, ஒரு பக்கம் தடித்து ஆப்பு மாதிரி இருக்கிற கண்ணாடிகளை ஃபிரேமில் செருகிப் போட்டுவிட்டார். தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தார். சுவரில் எழுத்து. நாலாவது வரி வரை படித்தேன். மூஞ்சி நேராக.

அஞ்சாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேலால் கன்னத்தைத் தள்ளி "நேரா பாரு, நேரா பாரு" என்பார். நேராகப் பார்த்தால் போர்டு ஆடும். பார்க்காமல் இருந்ததற்கு அடி. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் படித்ததெல்லாம் பொட்டலப் பேப்பரும் ஜெபப் புத்தகமும்தான்.

கண்ணாடியைக் கழற்றியதும் மூஞ்சி மறுபடி அந்தப் பக்கம். ஷீலா அழுதாள். நான் அழவில்லை, அடுத்த ஆள் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி எடுத்து என் மூஞ்சி திரும்புகிறதை அளந்தாள். "முப்பது டிகிரிமா." டாக்டரம்மாவும் அதையேதான் எழுதியிருந்தார்.

21-7, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றியது. வஞ்சிரம் நன்றாக இருந்தது, குழம்பு.

பூசை முடிந்து ரெஜினாக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி ஜெயா, கண்ணுல கத்தி வெக்கப் போறியாமே? சாமி குடுத்த மூஞ்சி. கெய்வியாவப் போற வயசுல யாருக்குக் காட்டப் போற?" முப்பத்தாறு வயது எனக்கு. அவள் கொடுத்த புளியஞ்சாதம் ருசி, அதையும் சொல்ல வேண்டும்.

யாருக்குக் காட்ட? நிஜமாகவே யோசித்தேன். வீண் பெருமையோ? இல்லை. நேராக நின்று, முக்காட்டை ஒதுக்கி, அப்பம் உயர்த்துகிறதைப் பார்க்க வேண்டும். வேண்டுதல் இவ்வளவுதான். மாதாவே, இதில் தப்பு இருந்தால் டாக்டரம்மா கையைத் தடுத்துவிடு.

23-7, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கை. ஷீலாவுக்கு எழுதிவைத்தது:
லாரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள், ஆறு மணிக்கு. குடத்துக்குத் துணி கட்டு.
இட்லி மாவு மேல் தட்டில்.
நைனாவுக்குச் சாப்பாட்டில் காரம் குறை, வயிறு சரியில்லை.
ஜெபமாலை ராத்திரி இரண்டு பேருமாகச் சொல்லுங்கள்.

பயம் இருக்கிறது. முழு மயக்கம். இருக்கிற பார்வையும் போய்விட்டால்? கையெழுத்துப் போடும்போது அவர் தன் பேரையே அடித்துத் திருத்திப் போட்டார், நான் ஒரே இழுப்பில் போட்டேன். "இன்னாமே, தகிரியமா இருப்பியா?" என்றார். கிரேன் மேலே அவ்வளவு உயரத்தில் உட்காருகிற மனுஷன்.

26-7, வெள்ளி

எழுத்து பெரிது பெரிதாக. பரவாயில்லை.

புதன் காலை ஆபரேஷன். கட்டு மறுநாள் பிரித்தார்கள். முதலில் எல்லாம் இரண்டு இரண்டு. இரண்டு டாக்டரம்மா, இரண்டு ஃபேன். அவர் இரண்டு பேராக நின்று அசடு வழிந்தார். கண் மிளகாய்ப் பழம். பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே சுண்டி இழுக்கிறது. மணல் போட்ட மாதிரி உறுத்தல், தையல், தானே கரையுமாம்.

சொட்டு மருந்து:
வெள்ளை மூடி - ஆறு வேளை
நீல மூடி - நாலு வேளை
களிம்பு - படுக்கும்போது
தலைக்குத் தண்ணீர் இரண்டு வாரம் கூடாது. தூசி கூடாது. ராயபுரத்தில் தூசி கூடாதாம்! அவர் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியிருக்கிறார்.

30-7, செவ்வாய்

இரட்டை போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கண் ஆடுகிறது, நன்றாக உற்றுப் பார்த்தால். ஆனால் இரண்டு காதும் தெரிகிறது. இத்தனை வயதுக்கு இரண்டு காதையும் ஒன்றாகப் பார்த்ததில்லை. இடது கம்மலில் ஒரு கல் இல்லை. எப்போது விழுந்ததோ.

இந்த நோட்டை எப்பவும் இடது ஓரமாக, சாய்த்து வைத்துத்தான் எழுதுவேன். இப்போது அங்கே வைத்தால் எழுத்து ஆடுகிறது. நேராக எதிரில் வைத்தால் நிற்கிறது. கழுத்துதான் இன்னும் பழசையே நினைத்துக்கொண்டு திரும்பப் பார்க்கிறது. ஷீலா போகிறபோதெல்லாம் "அம்மா, டிகிரி!" என்று கத்துகிறாள். சனியன், சிரிப்பு வந்தால் கண் வலிக்கிறது.

4-8, ஞாயிறு

கோயிலுக்கு இன்னும் ஒரு வாரம் போகக் கூடாது. அவர் மட்டும் போய் வந்தார். அரை மணி முன்னால் கிளம்பவில்லை. மணி அடித்த பிறகுதான் சட்டை மாட்டினார். கேட்கத் தோன்றவில்லை.

11-8, ஞாயிறு

போனேன். தூண் ஓரம் போகாமல் நடுவில், ஷீலா பக்கத்தில். முக்காடு நெற்றியோடு சரி. இடது பக்கம் பார்க்க வேண்டியிருக்கவில்லை, எதிரிலேயே பீடம்.

பார்த்தேன். மணி அடிப்பதற்கு முன்னாலேயே சாமியார் கை மேலே போவது தெரிந்தது. அப்பம் வெள்ளையாக, ஓரம் லேசாகத் துடித்துக்கொண்டு. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தது.

திருப்பலி முடியும் நேரம் வலது பக்கம் தலையைத் திருப்பினேன், இந்தமுறை வேண்டுமென்றே. அவர் எங்கே என்று பார்க்க. மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் யாரோ நரைத்த தலை. அவர் இல்லை. வெளியே வந்தால் வேப்பமரத்தடியில், தோஸ்துகளோடு.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன், "ஏன், உங்க ஃபேன் ரிப்பேரா?"

"இன்னா ஃபேனு?"

"மூணாவது பெஞ்சு ஃபேன்."

"அட, அது ஓடி ஏயெட்டு வருசம் ஆவுதுமே." ரசம் ஊற்றச் சொன்னார்.

"பின்ன எதுக்கு அங்கியே உக்காந்தீங்க?"

ஷீலா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், தட்டைப் பார்த்துக்கொண்டே: "உம் மூஞ்சி அங்கதான வந்து நிக்கும். வேற எவனாவது குந்திகினா ஊரு இன்னா பேசும்? ரெஜினா புருசன் எங்காண்டயே சொன்னான், ஷீலா பொறந்த வருசம். நான் குந்திகினா, கட்ன புருசனப் பாக்குறா, உனுக்கின்னாடான்னு கேட்டுடலாம்ல." பிறகு, "இப்பதான் நேராயிட்டியே. இனிமே எதுக்கு?"

ஊறுகாய் கேட்டார். வைத்தேன்.

பதினோரு வருஷம் நான் மறைத்தேன், அவரும் மறைத்திருக்கிறார். ஒரு தடவைகூட அங்கே அவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. என் கண்தான் அங்கே இல்லையே. அன்றைக்கு அந்தப் பெஞ்சுச் சண்டைக்கு அவரைத் திட்டியது வேறு.

13-8, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் காட்டியாயிற்று. அளந்தார். ஐந்து டிகிரி பாக்கி, பழக்கத்தில் போகலாம் என்றார். வெள்ளை மூடி மூன்று வேளை, நீல மூடி நிறுத்தம். தலைக்குக் குளிக்கலாம். சீயக்காய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

15-8, வியாழன்

மாதா விழா, சுதந்திர தினமும் கூட. காலையில் நல்ல தூறல், கரிப்பொடி அடங்கியிருந்தது. தலைக்குக் குளித்தேன்.

இன்றைக்கு நான்தான் முதலில் கிளம்பினேன், அரை மணி முன்னால். அவர் அலமாரியிலிருந்து துவைத்த கைக்குட்டை ஒன்று எடுத்துக்கொண்டேன். கோயிலில் ரெஜினாக்காவும் இன்னும் மூன்று நாலு பேரும் பெண்கள் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவழியைத் தாண்டினேன்.

"ஏய் ஜெயா! அது ஆம்பளைங்க பக்கம்டி, எங்க போற?"

"தெரியும்க்கா" என்றேன், நேராக அவளைப் பார்த்து. மூன்றாவது பெஞ்சு, ஓரம், அவர் இடம். கைக்குட்டையை விரித்துப் போட்டு, பறக்காமல் இருக்க மேலே ஜெபப் புத்தகத்தை வைத்தேன்.