மினுங்காத வெளிச்சம்

உப்புவெளி,
திருகோணமலை.
14.10.2025

அன்புள்ள தம்பி சசிகரனுக்கு,

அக்கா புஸ்பராணி எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று முதலில் எழுத வேணும், அதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி மிச்சத்தை வாசி.

ஃபோன் இருக்க என்ன கடிதம் என்று யோசிப்பாய். நீ எடுப்பது அப்பாவின் ஃபோனுக்கு. அவர் அதைச் சத்தமாகப் போட்டு வைத்துத்தான் கதைக்கிறவர். நான் தனியாக மெசேஜ் அனுப்பினால் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நீ போய்விடுவாய். கடிதத்துக்கு அப்படிச் செய்ய ஏலாது.

நீ அனுப்பின தொலைநோக்கி ஆவணியில் வந்தது. அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீ நோர்வேயில் இருந்து வாறாய் என்று அவர் முன்னறைக்குப் பெயின்ற் அடிப்பித்து வைத்திருந்தவர். நீ வரவில்லை, பெட்டி வந்தது. உனக்கு விரித்த கட்டிலில் இப்ப அந்தப் பெட்டிதான் கிடக்கிறது. பெட்டிக்குள் நீ எழுதி வைத்த துண்டின்படி, சின்னனில் அப்பா உனக்குச் சனிக் கிரகத்தின் வளையத்தைப் புத்தகத்தில் காட்டினவராம், அதை இப்ப நீ அவருக்கு உண்மையிலேயே காட்டுகிறாயாம். நல்ல ஞாபகம்தான். அம்மாவின் செத்தவீட்டுக்கு வர உனக்கு லீவு இல்லை, இது மட்டும் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு இரத்தினசிங்கம் மாஸ்டர் வந்து கொல்லைப்பக்கம் வேப்ப மரத்தடியில் அதைப் பொருத்திப் பூட்டித் தந்தவர். இங்கே வானம் உன்னுடைய ஊர் வானம் மாதிரி இல்லை. தெற்கே துறைமுக வெளிச்சம், கிழக்கே கடல் புகார் மூட்டம், மிச்சத்துக்கு முகில். அன்றைக்கும் சனி தெரியவில்லை. நட்சத்திரம் எல்லாம் மினுங்கும், கிழக்கே மினுங்காமல் நிற்பதுதான் சனி, முகில் விலகினதும் அதைப் பிடியுங்கோ என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போய்விட்டார். அப்பா பிடித்தார். மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் பொழுதுபட்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர். ஞாயிறுகளில் நீ ஃபோன் எடுக்கும்போது அவர் சொன்னதும் உனக்குத் தெரியும். தொப்பி மாதிரி அகலமான வளையம், நடுவில் கறுப்புக் கோடு. நீ அங்கே இருந்து சந்தோசப்பட்டாய்.

எங்களில் ஒருத்தரும் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று நீ மறந்திருப்பாய். புரட்டாதி மாதம், சனிக்கிழமை விரதம். கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளுப் பொட்டலம் எரிக்கும்போதே நேரே நிற்காமல் விலகி நின்று கும்பிடுகிற ஆட்கள் நாங்கள். வீட்டில் கண்ணாடி வைத்து அவருடைய முகத்தைப் பெருப்பித்துப் பார்ப்போமோ? அப்பா கூப்பிட்டவர், நான் மாட்டேன் என்றனான். வற்புறுத்தவில்லை. நான் பார்க்க மாட்டேன் என்பது அவருக்கு வசதியாகப் போயிருக்கிறது.

போன சனி, கடைசி விரத நாள், மட்டக்களப்பில் படிக்கிற என் மகள் மேனுஜா வந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. தாத்தா தள்ளுங்கோ என்று குனிந்து பார்த்தாள். பிறகு என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். தொலைநோக்கி பிடித்திருந்தது கடற்கரை விடுதியின் தண்ணீர்த் தாங்கியில் எரிகிற விளக்கை. அதுவும் கிழக்கேதான். அதுவும் மினுங்காது.

முகில் விலக ஒரு மணித்தியாலம் காத்திருந்து அவள் உண்மையான சனியைப் பிடித்தாள். இந்த வருசம் வளையம் எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறதாம், நூல் மாதிரி ஒரு கீறு மட்டும்தான் தெரியுமாம். அகலமான வளையத்தை இந்த வருசம் உலகத்தில் ஒருத்தரும் பார்க்க ஏலாது. அப்பா உனக்குச் சொன்னது அந்தப் பழைய புத்தகத்துப் படம்.

துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டுகிற பைலட் படகில் முப்பது வருசம் நின்ற மனிசன். இருட்டில் பச்சை விளக்கையும் சிவப்பு விளக்கையும் பார்த்தே கப்பல் எந்தப் பக்கம் திரும்புது என்று சொன்னவர். பக்கத்து விடுதி விளக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

கேட்டேன். அப்பதான் சொன்னவர், இடக்கண் போய் ஆறு மாதமாம், வலக்கண்ணிலும் வெளிச்சம் கலங்கலாகத்தான் தெரியுதாம். சீனி வருத்தம் செய்த வேலை. தம்பிக்குச் சொல்லிப்போடாதை, ஆசையாக அனுப்பினவன், மனம் உடைஞ்சு போவான் என்றவர். அவருக்கு உன் மனம்தான் முக்கியம். எனக்கு ஆத்திரம் வந்தது தம்பி, உன்னிலும்தான், என்னிலும்தான். பேப்பரில் எல்லாம் பொய் என்று அவர் வாசிப்பதை விட்டபோது வயது போன கோபம் என்று நினைச்சனான். தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை வைத்துப் பார்த்தவர், அதற்கும் ஏசினனான். ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு நீ எடுத்தாய். நானும் மேனுஜாவும் முன்னால் இருக்கும்போதே, வளையம் நேற்று இன்னும் வடிவாகத் தெரிஞ்சது என்று உனக்குச் சொன்னவர். நீ படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். மேனுஜா எழும்பிப் போய்விட்டாள்.

நேற்று அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். இடக்கண் இனி வராது. வலக்கண்ணுக்கு மருந்து தருகிறார்கள், தை மாதம் வரைக்கும் தாங்கினால் பெரிய விசயம் என்று டொக்டர் சொன்னார்.

இனி ஞாயிறு எடுக்கும்போது அவர் மறுபடியும் வளையத்தைச் சொல்லுவார். கேள். கண்ணைப் பற்றி ஒன்றும் விசாரிக்காதே, அந்தப் பொய்யாவது அவருக்கு இருக்கட்டும். ஆனால் அடுத்த வருசம் வாறன் அப்பா என்று மட்டும் சொல்லாதே. பதினொரு வருசமாகச் சொல்லிவிட்டாய். பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டுத் திகதியைச் சொல். திகதி இல்லையென்றால் வளையத்தைப் பற்றியே கதைத்துவிட்டு ஃபோனை வை.

இதைச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். அப்பா எதிர்க் கதிரையில் இருக்கிறார். பேனைச் சத்தம் கேட்டு ஆருக்கு எழுதுகிறாய் பிள்ளை என்று கேட்டவர். அரசாங்கக் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம் என்றேன். ஓம் என்றவர். தாள் அவருக்கு முன்னால்தான் விரிந்து கிடக்கிறது, உன் பெயர் மேலே பெரிசாக இருக்கிறது.

கோணேசர் உன்னையும் உன் பிள்ளைகளையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். இந்த வலக்கண்ணையும் தை வரைக்கும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
புஸ்பராணி