ஆக்ராய்டுகளின் நிலம்

ஏப்ரல் 9, செவ்வாய்
இன்று முழுவதும் நான் பேசியது கடைக்காரப் பெண்ணிடம் மட்டும். "மழை வரும்போல" என்றேன். வந்தது.

ஆக்ராய்ட் சங்கக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம். என் மனைவி ஷீலா போய்ச் சேர்ந்த பிறகு உறவென்று சொல்லிக்கொள்ள எனக்கு இந்த இருபத்திரண்டு பேர்தான், அதுவும் பழைய தொலைபேசிப் புத்தகத்தில் ஆக்ராய்ட் என்ற குடும்பப் பெயரை வைத்துத் தேடிப் பிடித்தவர்கள். ஓக் காட்டை வெட்டித் திருத்திய நிலம், அதுதான் ஆக்ராய்ட் என்ற பெயரின் பொருள். ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேலே குன்றுகளில் அது எந்த நிலமென்று பத்திரங்களைப் புரட்டிக் கண்டுபிடித்ததும் நான்தான். வருடா வருடம் எல்லோரையும் அங்கே அழைத்துப் போவதும் நான்தான்.

ஏப்ரல் 24
மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. கன்னத்தில் பஞ்சைத் தேய்த்து அனுப்புங்கள் என்று எல்லோரையும் நச்சரித்தது யார்? நானேதான். பதினோரு ஆண்களும் ஒரே தந்தைவழி. பன்னிரண்டாவது ஆள் மட்டும் சேரவில்லை.

அது நான். எந்தத் தலைமுறையில் என்ன நடந்ததோ. அப்பாவுக்குத் தெரியுமா?

ஏப்ரல் 25
யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

மே 3
முடிவையும் என் ராஜினாமாவையும் ஒரே உறையில் போட்டுச் செயலாளர் பெரிலுக்கு அனுப்பினேன். ஆக்ராய்ட் ஒருவனைக் கட்டி, அவனை விவாகரத்து செய்து, பெயரை மட்டும் விடாமல் வைத்திருப்பவள்.

மே 8
பதில் இல்லை. வெளியாளுக்கு எதற்குப் பதில்?

மே 11, சனி
கூட்ட நாள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு பெரில் அழைத்தாள்.

"கிளைவ், எங்க இருக்கீங்க? ஒரு மணி நேரமா ஒரு நிலத்துல நிக்கிறோம். முன்னோர்களைப் பத்திப் பேச்செல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப வந்து சொல்றான் நிலத்துக்காரன், இது கோழிப்பண்ணை இருந்த எடமாம்."

"என் லெட்டர் வரலையா?"

"வந்துது. எனக்கு மட்டும் என்ன ஆக்ராய்ட் ரத்தமா ஓடுது? முதல் ஆக்ராய்டுக்கே அங்க குடியிருந்ததாலதான் பேர் வந்துதுன்னு வருஷா வருஷம் எங்க உயிரை வாங்குறது யாரு?"

"மத்தவங்களுக்கு?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நார்மன் உங்க பங்கு சாண்ட்விச்சை எடுத்துத் தின்னுட்டிருக்கான். பூட்ஸை மாட்டிட்டு வாங்க. மாடுங்க வேற கிட்ட வருது."

அழுதேன். பிறகு பூட்ஸைத் தேடினேன்.

மே 12, ஞாயிறு
தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவு பேசியிருக்கிறேன்.