பத்தாவது இடம்

செப்டம்பர் 9, 1912, திங்கள்

துவைக்கிற நாள். என் வீட்டுக்காரன் மாதேயின் துணி, எங்களிடம் தங்கிச் சாப்பிடுகிற ஆறு பேரின் துணி. மூன்று தடவை தண்ணீர் மாற்றினேன், மூன்றும் கறுப்பு. கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நிலக்கரி உடைக்கிற ஆலையிலிருந்து தூசி வந்து உட்கார்ந்துவிட்டது. யாரைத் திட்டுவது? காற்றைத் திட்டினேன்.

பிற்பகலில் ரோசினா அக்காவின் கடிதம். எங்கள் ஊர் மில்கா அடுத்த மாதம் கப்பலேறுகிறாளாம். மார்கிதாவையும் அவளோடு அனுப்புகிறாளாம்.

என் பெண் வருகிறாள். இதை எழுதிவிட்டு ஐந்து முறை படித்தேன். இந்த நோட்டைத் தவிர யாரிடம் சொல்ல? மாதேயிடம் சொன்னால், "சரி, கட்டில் எங்க போடறது?" என்கிறான்.

செப்டம்பர் 11

அக்காவின் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "உன் படத்தைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள். தினமும் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள்."

அந்தப் படம். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் எடுத்தது. இறகு வைத்த பெரிய தொப்பி, வெள்ளைக் கையுறை, பட்டுக் கழுத்துத் துணி. எல்லாம் படம் எடுக்கிறவனுடையவை. மாதேயின் சட்டைப்பையில் தொங்குகிற கடிகாரம்கூட அவனுடையதுதான். இங்கே வருகிற எல்லோரும் அப்படித்தான் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் நான் ஒரு படி மேலே போய், "இங்கே தினமும் இப்படித்தான் உடுத்துகிறேன்" என்று எழுதியும் வைத்தேன். எதற்கு எழுதினேன்? ரோசினா பொறாமைப்படட்டும் என்றுதான். வேறென்ன.

இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் நன்றாக இருப்பதாகவாவது ஊர் நினைக்கட்டுமே என்றும் இருக்கலாம்.

அக்டோபர் 16

கப்பல் புறப்பட்டிருக்கும். கப்பலில் வருகிறவர்களை இறக்கிச் சோதிக்கிற தீவில், கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க வேண்டும், கன்னி மரியே.

நவம்பர் 3, ஞாயிறு

வந்துவிட்டாள்.

ரயிலிலிருந்து மில்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கோட்டில் எங்கள் விலாசம் எழுதிய அட்டை குத்தியிருந்தது. என் மூக்கு, மாதேயின் காது. நான் முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"இதோ, உங்கம்மாடீ" என்றாள் மில்கா.

"இல்ல. எங்கம்மா தொப்பி போட்டிருப்பாங்க" என்றது குழந்தை.

மாதேயை மட்டும் ஒத்துக்கொண்டாள். மீசை படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறதாம். ஒரு மீசைக்கு இருக்கிற மதிப்பு பெற்றவளுக்கு இல்லை. வழியெல்லாம் அவன் கையைப் பிடித்து நடந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

நவம்பர் 5

என்னை "அத்தை" என்கிறாள். ஊரில் தெரியாத பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். மரியாதையான பிள்ளை, ரோசினா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள். படுக்கும்முன் படத்துக்கு முத்தம். எனக்கு, "வர்றேன் அத்தை."

நவம்பர் 14

மாலையில் ஆட்கள் சுரங்கத்திலிருந்து வந்ததும் தொட்டியில் வெந்நீர் ஊற்றினேன். அவர்கள் மண்டியிட்டுக் குளிக்க, நான் ஒவ்வொருவராக முதுகு தேய்த்துவிட்டேன். அவர்களில் மூத்தவர் கஜ்தோஷ் கிழவர் மட்டும் எப்போதும் போல வேண்டாம் என்றுவிட்டார். முதுகைக் கழுவினால் பலம் போய்விடுமாம், இருபது வருடமாகக் கழுவவில்லையாம். வாசனையும் அதையேதான் சொல்கிறது.

மார்கிதா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிழவரிடம் ரகசியமாகக் கேட்டது எனக்குக் கேட்டது: "தாத்தா, இந்த அத்தை இங்க வேலைக்காரியா?"

கிழவர் சிரிக்கவில்லை. "ஆமா கண்ணு, இந்த வீட்டுக்கே ராணியும் அவதான், வேலைக்காரியும் அவதான்" என்றார். முதன்முறையாக அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நவம்பர் 22

ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்.

படம் எடுக்கிறவனிடம் போய் அந்தத் தொப்பியை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டேன். இறகு பாதி உதிர்ந்திருந்தது. தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். அயர்லாந்துக்காரிகள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். வீட்டுக் கதவைத் திறந்து அவள் முன்னால் நின்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அத்தை, அது எங்கம்மா தொப்பி. கழட்டி வச்சிடுங்க."

கழற்றி வைத்துவிட்டேன். திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில், நடுத்தெருவிலேயே அழுதேன். ஐந்து வருஷம், அம்மாடி, ஐந்து வருஷம் இவளுக்காகத்தானே இந்தக் கரியில வெந்தேன்? இவ இல்லாதப்ப இருந்த தனிமையாவது பழகிப்போச்சு. பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படி இருக்கறதுக்கு என்ன பேர் சொல்றது?

மாதேய் சொல்கிறான், "கொஞ்ச நாள்ல சரியாயிடும், விடு ஜோஃபியா." அவனுக்கென்ன, மீசை இருக்கிறது.

டிசம்பர் 8

பனி. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 23, திங்கள்

நாளை கிறிஸ்துமஸ் விருந்து. கசகசா அரைத்தாயிற்று. முட்டைக்கோஸ் புளித்துவிட்டது. மேசைக்கால்களைச் சேர்த்துக் கட்ட மாதேய் சுரங்கத்துக் கோவேறு கழுதையின் சங்கிலியைக் கொண்டுவந்திருக்கிறான். கட்டினால் குடும்பம் பிரியாதாம். ஊரில் ரோசினா மாட்டுச் சங்கிலியால் கட்டுவாள்.

அவள் வீட்டில் எல்லாப் பாத்திரத்தையும் கைக்கெட்டும் பலகையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். சாப்பாட்டின் நடுவில் யார் எழுந்தாலும் அடுத்த வருடம் அந்த மேசையில் அவர்கள் இருக்க மாட்டார்கள், சாவோ பிரிவோ வரும் என்பார்கள். கடைசியாக அங்கே சாப்பிட்ட வருடம் நான் எழுந்தேன். தொட்டிலில் மார்கிதா வீறிட்டு அழுதாள், தூக்கப் போனேன். ரோசினா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் இங்கே இருந்தேன்.

இங்கே இந்தச் சின்ன அறையில், அத்தனை ஆட்களுக்கு, எதைக் கைக்கெட்ட வைப்பது? ஐந்து வருடமாக எழுந்து எழுந்துதான் பரிமாறுகிறேன். சாகவில்லையே. எங்கேயும் போகவுமில்லை.

டிசம்பர் 25

நேற்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மேசையில் தட்டு வைக்கும் வேலையை மார்கிதாவிடம் கொடுத்திருந்தேன். மாதேய், நான், அவள், தங்கியிருக்கிற ஆறு பேர். ஒன்பது பேர், வீட்டில் இருப்பதும் ஒன்பது தட்டுதான். வந்து பார்த்தால் ஒரு தட்டின் முன்னால் அந்தப் படம் சாய்த்து வைத்திருக்கிறது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஓர் இடம் போடுவது எங்கள் வழக்கம். அவளைப் பொறுத்தவரை வராதவள் அம்மாதானே.

"அப்ப அத்தைக்கு?" என்று மாதேய் கேட்டான். "ஜோஃபியாவுக்கு" என்று சொல்ல வேண்டியது. வாய் தவறிவிட்டது அவனுக்கு. மார்கிதா சட்டி மூடியைக் கொண்டுவந்து என் இடத்தில் வைத்தாள்.

மூடியின் முன்னால் உட்கார்ந்தேன். ஜெபம் சொன்னோம். மாதேய் ஒவ்வொருவர் நெற்றியிலும் தேனால் சிலுவை போட்டான். சூப் முடிந்தது. அடுப்பில் பட்டாணி இருந்தது, எடுத்துவர எழுந்தேன்.

"எந்திரிக்காத!"

இரண்டு கையாலும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"எந்திரிச்சா போயிடுவ! பெரியம்மா சொன்னாங்க, அன்னிக்கு நீ எந்திரிச்ச, அதான் போயிட்ட! உக்காரு! அம்மா, உக்காரு!"

உட்கார்ந்தேன்.

அறையில் ஒருவரும் அசையவில்லை. பட்டாணி தீயும் வாசனை வந்தது. பிறகு புகை வந்தது. தினமும் கூரை இடிகிற குழிக்குள் இறங்குகிற ஏழு ஆண்பிள்ளைகள், ஒருவனாவது நாற்காலியை விட்டு எழவேண்டுமே!

"கருகுதுடா டேய்" என்றார் கஜ்தோஷ் கிழவர். "யாராவது ஒருத்தன் சாகத் துணிஞ்சு போய் இறக்குங்கடா."

"பெரியவர் நீங்கதானே, நீங்க போங்க" என்றான் ஒருவன்.

"நான் ஏன்டா போகணும்? இன்னும் முதுகே கழுவல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. பட்டாணி கரியாகட்டும், இந்த ஊரில் எது ஆகவில்லை. மார்கிதா சிரிக்கவில்லை. ஒரு கையால் என் பாவாடையைப் பிடித்தபடியே மறுகையால் படத்தை எடுத்துத் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

கடைசி ஜெபம் முடியும்வரை பிடியை விடவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பட்டாணிச் சட்டியை நான்கு நாளாகத் தேய்க்கிறோம். சாம்பல் போட்டு அவள், மணல் போட்டு நான். "அம்மா, இது போகவே போகாது" என்கிறாள். போகாவிட்டால் போகட்டும்.

ரோசினா அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். தொப்பி யாருடையது என்பதையும் எழுதிவிட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் மேசையில் எனக்கு இடம் போட வேண்டாம் என்றும் எழுதினேன்.